தரை யாருக்குச் சொந்தம்? தொட்டியின் அடியில் நடக்கும் சண்டை பற்றிக் கேள்வி பதில்

தொட்டியின் அடியில் வாழும் மீன்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஷார்க் என்ற பெயரில் விற்கும் மீன்களும், வாயால் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீனும்தான். 16 வருஷமாக வீட்டில் தொட்டி வைத்திருக்கிறேன். தரைச் சண்டையில் நல்ல மீன்களைப் பறிகொடுத்தும் இருக்கிறேன். அதனால் என் கண்ணால் பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி: அக்கா, 2 அடி தொட்டி. ஒரு ரெயின்போ ஷார்க், ஆறு கோரி (தரையில் மேயும் சின்னக் கெளுத்தி), பத்து நியான் டெட்ரா. நாலு மாசம் நல்லா இருந்துச்சு. இப்ப ரெண்டு வாரமா ஷார்க் கோரிகளை விடாம துரத்துது. ரெண்டு கோரிக்கு வால் கிழிஞ்சிருச்சு. திடீர்னு என்ன ஆச்சு?

திடீரென்று ஒன்றும் ஆகவில்லை தம்பி, உங்கள் ஷார்க் வளர்ந்துவிட்டது. வாங்கும்போது 2 அங்குலக் குட்டியாக இருந்திருக்கும். அந்த வயதில் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து கிடைத்தால் போதும். வளர வளர அந்தப் பொந்தைச் சுற்றியுள்ள இடமும் தனக்கு வேண்டும் என்று நிற்கும். முழுதாக வளர்ந்தால் அரை அடி வரும்.

பெயரில்தான் ஷார்க். உண்மையில் அது கெண்டைக் குடும்பம், நாம் சாப்பிடும் ரோகுவுக்குச் சொந்தம். தாய்லாந்து, கம்போடியா பக்கத்து ஆறுகளில் கல்லிலும் மரத்திலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழ்வது. ஓடும் தண்ணீரில் மிதந்து வரும் இரையைக் காவல் காப்பது கஷ்டம். பாசி பிடித்த கல்லைக் காக்க முடியும். அதனால் இந்த மீனுக்கு இடம்தான் சோறு. அந்த இடத்தில் நாள் முழுக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரியும் கோரி அதன் கண்ணுக்குத் திருடன் மாதிரி. மேலே நீந்தும் டெட்ராவை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாததற்கும் இதுதான் காரணம்.

இப்போது உங்கள் தரையை அளந்து பாருங்கள். 2 அடிக்கு 1 அடி என்றால் 2 சதுர அடி. 1 அடி உயரத்துக்கு நிரப்பினால் சுமார் 56 லிட்டர். உயரத்தை இரட்டிப்பாக்கி 113 லிட்டர் பிடிக்கும் தொட்டி வாங்கினாலும் தரை அதே 2 சதுர அடிதான். கடையில் லிட்டர் கணக்குச் சொல்வார்கள். தரை மீனுக்கு அந்தக் கணக்கு உதவாது, நீளமும் அகலமும் பாருங்கள்.

என்னிடம் 3 அடி தொட்டியில் ஒரு சிவப்பு வால் கறுப்பு ஷார்க் இருந்தது. இடது மூலையில் கவிழ்த்து வைத்த மண் பூந்தொட்டிதான் அதற்கு வீடு. ஒரு நாள் சாயங்காலம் ஸ்கெட்ச் பேனாவோடு முன்னால் உட்கார்ந்து, அது துரத்துவதை நிறுத்தித் திரும்பும் இடத்திலெல்லாம் கண்ணாடியில் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பதினெட்டு புள்ளி. இரண்டைத் தவிர மற்றதெல்லாம் இடது பக்கத்திலிருந்து 2 அடி தூரத்தில் ஒரு சாண் அகலத்துக்குள் விழுந்திருந்தன. தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு அதன் கையில்! மறுநாள் அந்த 2 அடிக்குள்ளேயே, நட்ட நடுவில், ஒரு அகலமான டிரிஃப்ட்வுட்டை நிறுத்தி, அதையொட்டிச் செடிகளை அடர்த்தியாக நட்டேன். நாலைந்து நாளில் புள்ளிகள் அந்தக் கட்டைக்கே வந்துவிட்டன. கட்டைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதபோது துரத்தவும் தோன்றவில்லை.

ஆனால் 2 அடியில் மறைப்பு வைத்தாலும் பங்கு போட இடம் இல்லை. கல்லையும் செடியையும் மாற்றி வைத்தால் சில நாள் அடங்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். ஷார்க்கைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது 4 அடி தொட்டி வைத்திருப்பவரிடம் சேருங்கள். கோரிகள் உங்களிடமே இருக்கட்டும்.

தஞ்சாவூர், விலங்கியல் மாணவி: தன் எல்லை எங்கே முடியுதுன்னு மீனுக்கு எப்படித் தெரியும் அக்கா? கோடு எதுவும் இல்லையே?

இதற்குப் பழைய பரிசோதனை ஒன்று இருக்கிறது. நிகோ டின்பெர்கன் என்ற டச்சு அறிஞர் ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீனை வைத்துச் செய்தது. அதில் ஆண் தரையில் கூடு கட்டிக் காவல் காக்கும். ஒரே தொட்டியில் இரு முனைகளிலும் கூடு கட்டிய இரண்டு ஆண்களை ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயில் போட்டார். இரண்டு குழாயையும் முதல் மீனின் பகுதிக்கு நகர்த்தியபோது, அது கண்ணாடி வழியாகவே பாயப் பார்த்தது, இரண்டாவது தப்பி ஓடப் பார்த்தது. அதே குழாய்களை இரண்டாவதன் பகுதிக்குக் கொண்டுபோனதும் நிலைமை அப்படியே தலைகீழ். வீரன் கோழையானான், கோழை வீரனானான். டின்பெர்கன் 1973-ல் இரண்டு பேரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

ஆக, வீட்டுக்குப் பக்கத்தில் துணிச்சல் அதிகம், தள்ளிப் போகப் போகப் பயம் அதிகம். இரண்டும் சமமாகும் இடம்தான் எல்லை. நான் புள்ளி வைத்ததும் அதைத்தான். தொட்டியில் என்ன தப்பு என்றால், தோற்ற மீன் ஓடிப்போக வேறு ஊர் கிடையாது. ஆற்றில் இரண்டு மீட்டர் நீந்தினால் சண்டை முடிந்துவிடும். இங்கே கண்ணாடி தடுக்கிறது. பயந்து ஒதுங்கிய மீன் மறுபடி மறுபடி கண்ணில் படுகிறது, மறுபடி மறுபடி அடி வாங்குகிறது. இதைப் பார்த்துவிட்டு அந்த மீனே மோசம் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கும். இடம் கொடுக்காதது நாம்தானே.

சேலம்: சிவப்பு வால் ஷார்க் தனியா இருக்கேன்னு இன்னொண்ணு வாங்கலாமா?

வேண்டாம். தன் இனத்தைப் பார்த்தால்தான் அதற்குக் கோபம் அதிகம். இரண்டு வைத்தால் பெரும்பாலும் பலவீனமானது சாகும். உங்களிடம் இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றுப் பகுதிக்கே உரிய மீன், இயற்கையில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. நமக்குக் கடையில் வருவது பண்ணையில் பிறந்தது.

கோவையிலிருந்து ஒரு பெரியவர்: அம்மா, கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கடையில் ஒரு மஞ்சள் மீன் கொடுத்தார்கள். இப்போது அது ஏஞ்சல் மீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்கிறது. காயம் தெரிகிறது. என்ன செய்ய?

ஐயா, அது பெரும்பாலும் சைனீஸ் ஆல்ஜி ஈட்டராக இருக்கும். இன்றைக்கே பிரித்துவிடுங்கள். சின்ன வயதில் பாசி தின்னும். பெரிதானதும் தட்டையான மீன்களின் மேல் ஒட்டி, உடம்பில் இருக்கும் வழவழப்பைச் சுரண்ட ஆரம்பித்துவிடும். ஓர் அடி நெருக்கத்துக்கு வளரும், தரை முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். எனக்கும் ஒரு கடையில் இதையே சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர் என்று சொல்லிக் கொடுத்தார்கள், என் டிஸ்கஸ் மீன் ஒன்று செத்துப் போனது. வித்தியாசம் பார்ப்பது எளிது. சயாமீஸுக்கு உடம்பில் ஓடும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை போகும். சைனீஸுக்கு வாய் உறிஞ்சு கப் போல இருக்கும், கண்ணாடியில் ஒட்டியபடியே மூச்சு வாங்கும். ஏஞ்சலின் காயத்துக்குச் சுத்தமான தண்ணீரே முதல் மருந்து.

திருநெல்வேலி: ரெண்டு சக்கர் மீன். பகல்ல அசையாது. ராத்திரி தடால் தடால்னு சத்தம். காலையில துடுப்புல கீறல்.

சக்கர் இரவில் நடமாடும் மீன். விளக்கை அணைத்த பிறகு ஒரு சிவப்பு டார்ச் வைத்துப் பாருங்கள், ஒரே கட்டைக்காக இரண்டும் வால் வீசிக்கொண்டிருக்கும். சாப்பாடு பகலில் மட்டும் போடுகிறீர்களா? அப்படியானால் அவை பட்டினி. விளக்கணைத்த பிறகு மூழ்கும் பெல்லட்டை இரண்டு ஓரத்திலும் போடுங்கள். ஆளுக்கொரு கட்டை, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி.

ஆனால் சாதாரண சக்கர் ஓர் அடிக்கு மேல் வளரும். வளர்ந்துவிட்டதே என்று ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் ஏற்கெனவே பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களை அழ வைத்துக்கொண்டிருக்கிறது. கரையில் பொந்து தோண்டி முட்டையிட்டுக் காவல் காக்கும் மீன் அது.

புதுச்சேரி: கிரிபென்சிஸ் ஜோடி இருக்கு. மத்த மீன் எல்லாம் மேல் மூலையில ஒண்டிக்கிட்டு நிக்குது.

கிரிபென்சிஸ் குகைக்குள் முட்டையிடும் சிறு மீன். பெண்ணின் வயிறு செர்ரிப் பழம் போலச் சிவந்திருக்கிறதா? அப்படியென்றால் முட்டையிடத் தயாராகிவிட்டது, குகைக்குள் முட்டையோ குஞ்சோ ஏற்கெனவே இருக்கவும் கூடும். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும்போது பக்கத்தில் போனால் பாயுமே, அதே கதைதான். ஜோடியைப் பிரிக்காதீர்கள். இரண்டாவது தொட்டி இருந்தால் மற்ற மீன்களை அங்கே மாற்றுங்கள். இல்லையென்றால் நடுவில் ஒரு தடுப்பு. அடுத்த முறைக்குக் குகையை ஒரு மூலையில், வாசல் சுவரைப் பார்த்தபடி வையுங்கள். வாசலிலிருந்து பார்வை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவும் அதற்குச் சொந்தம்.

சென்னை: என் கோரிகளும் ஒன்றையொன்று துரத்துகின்றன. அவையும் சண்டைக்காரர்களா?

இல்லை. இரண்டு மூன்று ஆண்கள் ஒரு பெண்ணின் பின்னால் போகின்றன, அவ்வளவுதான். கண்ணாடியில் ஒட்டிய முட்டைகளைத் தேடிப் பாருங்கள்.

திருச்சி: யோயோ லோச் ரெண்டு சண்டை போடும்போது நிறமே போயிடுது. நோயா?

நோய் இல்லை. யார் பெரியவன் என்று முடிவு செய்யும்போது லோச் (நம் அயிரை மாதிரியான மீன்) இப்படி வெளிறும், கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிடும். ஆனால் இரண்டு மட்டும் இருந்தால் ஒன்று எப்போதும் அடி வாங்கிக்கொண்டே இருக்கும். ஐந்தாறாக வையுங்கள், 4 அடி தொட்டியில்.

மதுரை: அக்கா, மார்க்கெட்ல உயிரோட விக்கிற அயிரையைத் தொட்டில விடலாமா? எங்க வீட்டுல சிரிக்கிறாங்க.

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது! தாராளமாக விடலாம். அயிரையும் லோச்தான், கடையில் விலை கொடுத்து வாங்கும் கூலி லோச்சும் அதே குடும்பம். இடத்துக்காகச் சண்டை போடாது. ஏழெட்டாக விடுங்கள். கூரான சரளை வேண்டாம், சலித்த மெல்லிய மணல் போடுங்கள். தலையை முதலில் நுழைத்து, உடம்பை ஓர் ஆட்டு ஆட்டி, கண் மட்டும் வெளியே தெரிய மணலுக்குள் போய்விடும். சிரிப்பவர்களை அப்போது கூப்பிட்டுக் காட்டுங்கள். மார்க்கெட் மீனைத் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு சேருங்கள். வலையில் எடுக்காமல் கிண்ணத்தில் எடுங்கள். கண்ணுக்குக் கீழே இருக்கும் முள் வலையில் மாட்டிக்கொள்ளும்.

மறுபடி ஈரோட்டுத் தம்பி: அக்கா, ஷார்க்கை நண்பன் வீட்டு 5 அடி தொட்டியில விட்டுட்டேன். கோரி வால் மறுபடி வளருமா?

நல்ல காரியம் செய்தீர்கள். துடுப்பு மட்டும் கிழிந்து, வாலின் அடிச்சதை முழுசாக இருந்தால் சில வாரத்தில் வளரும். முதலில் கண்ணாடி போன்ற மெல்லிய ஓரம் தெரியும், பிறகு நிறம் ஏறும். வாரத்துக்கு இரண்டு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். உப்பை அள்ளிப் போடாதீர்கள், கோரிக்கு ஒத்துக்கொள்ளாது. ஓரம் வெள்ளையாகப் பஞ்சு போல ஆனால் மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.