கழற்றக் கன், இறுக்கக் கை: வாசகர் கேள்விகள்

நட்டை அடித்து அடித்துத் திருப்பும் பேட்டரி கன் (இம்பாக்ட் ரெஞ்ச்) 18 வோல்ட்டில் வாங்குவதா, 20 வோல்ட்டில் வாங்குவதா? 20-க்குத்தானே சக்தி அதிகம்?

இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பது வரிசையாகக் கோத்த ஐந்து லித்தியம் செல்கள். முழுசாக சார்ஜ் ஏறியதும் அளந்தால் 20 சொச்சம், வேலை செய்யும்போது 18. எதை அட்டையில் அச்சடிப்பது என்பது விற்பவர் இஷ்டம்.

வீட்டில் பளபளவென்று ஒரு சாக்கெட் (நட்டின் மேல் கவிழ்க்கும் குழாய் ஸ்பேனர்) செட் இருக்கிறது. அதையே கன்னில் மாட்டினால் என்ன?

உடையும். அது கையால் திருப்பச் செய்த சாமான். கடினமான உலோகம் என்பதாலேயே தொடர்ந்து அடி வாங்கினால் விரிசல் விட்டுத் தெறிக்கும். கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் வாங்குங்கள், சுவர் தடிமனாக இருக்கும், அடியையும் தாங்கும். ஆறு மூலை உள்ளதாகப் பாருங்கள், துருப்பிடித்த நட்டில் பன்னிரண்டு மூலை வழுக்கி நட்டை உருண்டையாக்கிவிடும். அப்புறம், கண்ணுக்குக் கண்ணாடி. இதை எத்தனை தடவைதான் எழுதுவது?

ஒரு போல்ட் கழலவே மாட்டேன் என்கிறது. கன்னின் முறுக்குவிசை (டார்க்) 1000 நியூட்டன் மீட்டர். என்ன செய்யலாம்?

எந்த வண்டி, எந்த போல்ட், எவ்வளவு துரு, ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பொதுவாகச் சொல்கிறேன். பெட்டியில் போட்டிருக்கும் அந்த 1000 பெரும்பாலும் கழற்றும் திசையில் எட்டும் உச்ச அளவு, அதுவும் பேட்டரி நிறைந்து, சாக்கெட் நேராகக் கன்னில் உட்கார்ந்திருந்தால். நடுவே நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பியோ, வளைந்து திரும்பும் யுனிவர்சல் ஜாயின்ட்டோ போட்டால் அடியில் கணிசமான பங்கை அதுவே விழுங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே அடித்து ஊறவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காது. லேசாக இறுக்கும் பக்கம் ஒரு தட்டு, பிறகு கழற்றும் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் பல சமயம் அசையும். அதற்கும் மசியாவிட்டால் சூடு, ஆனால் ரப்பர், பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். அது இடது மரையா, அதாவது எதிர்த்திசையில் கழலும் மரையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளே அப்படித்தான் இருக்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கன்னால் இறுக்கலாமா?

கூடாது.

வழியில் பஞ்சர். வண்டியோடு வந்த ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் வீல் நட் அசையவில்லை. டிக்கியில் போட்டுக்கொள்ள எவ்வளவு பெரிய கன் வாங்கலாம்?

கேள்வியே தப்பு. உங்கள் நட்டை யார் அப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள். சாதாரணக் காருக்கு வீல் நட்டை இறுக்க வேண்டிய அளவு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்கும், சரியான எண் வண்டிப் புத்தகத்தில் உண்டு. டயர் மாற்றும் இடத்தில் கன்னை வைத்து டகடகவென்று மூன்று விநாடி கூடுதலாக அழுத்தினால் 300-ஐயும் தாண்டிப் போகும். "நல்லா டைட்டா இருக்கு சார்" என்று அனுப்பிவிடுவார்கள், நாமும் மகிழ்ச்சியாகக் கிளம்பிவிடுவோம். ஸ்டட் என்பது நட் ஏறும் மரைக்கம்பி, இழுபட்டு, அந்த இழுவிசையால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் சாமான். அளவு தாண்டி இழுத்தால் நிரந்தரமாக நீண்டுவிடும், பிறகு பிடி குறையும், ஒருநாள் முறியும். ஒரு நட் 90, இன்னொன்று 250 என்று இருந்தால் பிரேக் டிஸ்க்கும் சீராக உட்காராது, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடும். அதற்கு டிஸ்க்கை மாற்றச் சொல்லி இன்னொரு பில் வரும்.

இதில் எனக்கு ரொம்பக் கோபம் வருவது ஒரு நாடகத்தைப் பார்த்துத்தான். கன்னால் முழுசாக இறுக்கிவிட்டு, பேருக்கு டார்க் ரெஞ்சை (வைத்த அளவு எட்டியதும் டிக் என்னும் ஸ்பேனர்) வைத்து "டிக்" என்று ஒரு சத்தம் காட்டுவார்கள். 300-ல் இருக்கும் நட்டில் 110-க்கு வைத்த ரெஞ்ச் உடனே டிக் என்றுதான் சொல்லும், நட் துளிகூடத் திரும்பியிருக்காது. குறைவாக இறுக்கியிருந்தால்தான் அது காட்டிக்கொடுக்கும், அதிகமாக இறுக்கியதை அது கண்டுபிடிக்காது. கன்னில் டார்க் ஸ்டிக் (முறுக்கி வளைந்து அளவுக்கு மேல் போகவிடாத கம்பி) போட்டால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் கடைசி இறுக்கு கையால்தான்.

முறை இதுதான்: நட்டை விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள், தடங்கல் இருந்தால் நிறுத்திப் பாருங்கள். நட்சத்திர வரிசையில் எதிரெதிராக லேசாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, டார்க் ரெஞ்சால் முடியுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை சரிபாருங்கள். டிக்கியில் நீளமான கைப்பிடி ரெஞ்ச் ஒன்று போதும், கன் வேண்டாம்.

ஸ்டட்டில் கிரீஸ் தடவினால் அடுத்த முறை சுலபமாகக் கழலுமே?

கழலும், ஆனால் அதே டார்க்குக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. கிரீஸ் அதைக் குறைத்தால் மிச்சம் அப்படியே ஸ்டட்டின் தலையில் விழும். புத்தகத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேயுங்கள், அது போதும்.

சின்ன கம்ப்ரஸரில் ஏர் கன் இரண்டு நட்டுக்கு மேல் இழுக்கவில்லை. கன் பழுதா?

கன் சரியாகத்தான் இருக்கும், காற்றுதான் போதவில்லை. கன்னுக்குச் சொல்லும் 90 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்பது டேங்கில் காட்டும் எண் அல்ல, டிரிகரை அழுத்தும்போது கன்னுக்கு வந்து சேர வேண்டிய அழுத்தம். மெல்லிய சுருள் ஹோஸைத் தூக்கிப் போட்டுவிட்டு 3/8 இஞ்ச் ஹோஸ் மாட்டுங்கள். டேங்கில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள், கன்னில் இரண்டு சொட்டு ஏர் டூல் ஆயில் விடுங்கள். டேங்க் நிரம்பும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் பேட்டரி கன்தான் உங்களுக்குச் சரி.

டார்க் ரெஞ்சாலேயே நட்டைக் கழற்றலாமா?

கழற்றாதீர்கள், அது அளக்கும் கருவி. கழற்றுவதற்கு நீளக் கைப்பிடி உள்ள பிரேக்கர் பார் இருக்கிறது. டிக் சத்தம் போடும் வகையாக இருந்தால் வேலை முடிந்ததும் அளவுகோலில் உள்ள மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகாதீர்கள்.