கைப்பிடி மீட்டரில் அம்மாவுக்கு 19, 14, 16: எதை எடுப்பது?

மாம்பலம் நண்பருக்கு, கையின் பிடிவலுவை அளக்கும் கைப்பிடி மீட்டரில் 72 வயது அம்மாவுக்கு மூன்று முறையும் வேறு வேறு எண் வருகிறது, மீட்டர் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் மீட்டரில் குறை இருக்காது, பிடித்த விதம்தான் மாறியிருக்கும்.

முதலில் திரையில் கிலோவா பவுண்டா பாருங்கள். 19 பவுண்டு என்றால் 9 கிலோகூட இல்லை!

மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்; அது விரலில் அழுந்தினால் பாதியிலேயே விட்டுவிடுவார். நாற்காலியில் பாதம் தரையில் படிய உட்காரட்டும். முழங்கை விலாவோடு ஒட்டி 90 பாகை மடிந்திருக்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். கையைத் தொடையில் ஊன்றினால் கணக்கே கெட்டது. மூச்சைப் பிடிக்காமல் 3 முதல் 5 விநாடி முழு பலத்தோடு அழுத்தட்டும். அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடம் ஓய்வு தேவை. உங்கள் 14 அநேகமாக ஓய்வு விடாததால் வந்த எண்.

சராசரி போடாதீர்கள். இரு கையிலும் பார்த்து, வந்ததில் பெரியதை எடுங்கள். முதுமையில் தசை தளர்வதைக் கண்டறிய ஆசியர்களுக்காக வகுத்த 2019 வரையறைப்படி பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே, ஆண்களுக்கு 28-க்குக் கீழே என்றால் பலவீனம். 19 கிலோ என்பது விளிம்புதான். அதனால் இன்னொன்றும் பாருங்கள்: கைகளை மார்பில் கட்டி நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் முதியோர் நல மருத்துவரைப் பாருங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அதற்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. விரல் மூட்டில் வலி இருந்தால் அதையும் சொல்லுங்கள், வலியாலும் எண் குறையும்.