போலந்தின் ஊதியமும் பங்குச்சந்தையும்: அந்த 0.9 எங்கிருந்து வந்தது?

கேள்வி: பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 1991 முதல் 2000 வரை வார்சா பங்குச்சந்தைக் குறியீட்டையும் போலந்தின் மாதச் சராசரி ஊதியத்தையும் ஒப்பிட்டதில் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9 வந்தது. பணம் கட்டினால் பத்து நாளில் சர்வதேச இதழில் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் 0.9-இல் பெரும்பங்கு விலைவாசியுடையது. போலந்தில் 1990-இல் விலைகள் ஏறத்தாழ ஏழு மடங்காயின. அதன்பின் 1998 வரை பணவீக்கம் இரட்டை இலக்கத்தில்தான் இருந்தது. சம்பளம் ஏறும், பங்கு விலை ஏறும், பஸ் கட்டணமும் ஏறும். பஸ் கட்டணத்தைக் குறியீட்டோடு ஒப்பிட்டிருந்தாலும் இப்படியொரு எண் கிடைத்திருக்கும். பொருளியலாளர்கள் கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-லேயே எச்சரித்த போலித் தொடர்பு இது.

1993-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். 1991 ஏப்ரல் 16 அன்று பழைய கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையகத்தில், ஐந்தே நிறுவனங்களோடு தொடங்கிய சந்தை அது. குறியீடு அன்று 1000. 1993-இல் மட்டும் அது ஏறத்தாழ 12 மடங்கானது. விற்பனைக்கு இருந்ததோ கைப்பிடிப் பங்குகள், வாங்கப் பெருங்கூட்டம். அதே வருடம் விலைவாசியைக் கழித்த உண்மை ஊதியம் குறைந்தது. தொடர்பு எங்கே இருக்கிறது?

சரி, என்ன செய்வது? பங்குக் குறியீட்டையும் ஊதியத்தையும் நுகர்வோர் விலைக் குறியீட்டால் வகுத்து, போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிட்ட மாற்றத்தை எடுங்கள். டிசம்பரில் சுரங்கத் தொழிலாளர் போனஸ் மாதிரியான தொகைகளால் சராசரி ஊதியம் துள்ளும். அந்தத் தொல்லையும் இதில் அடங்கிவிடும்.

1999-இல் மட்டும் கவனம். அந்த ஜனவரியில் ஓய்வூதியச் சீர்திருத்தம் வந்தது. அதுவரை முதலாளி கட்டிவந்த சமூகக் காப்பீட்டுச் சந்தாவில் ஒரு பகுதி தொழிலாளியின் தலைக்கு மாறியது. அதை ஈடுகட்ட எல்லோருடைய மொத்தச் (பிடித்தங்களுக்கு முந்தைய) சம்பளத்தையும் சுமார் 23 சதவீதம் கூட்டி எழுதினார்கள். கைக்கு வந்த பணம் அதனால் கூடவில்லை. ஆனால் உங்கள் அட்டவணையில் ஊதியம் திடீரென்று பாய்ந்திருக்கும். வருடாந்திர மாற்றம் எடுத்தால் 1999-இன் பன்னிரண்டு மாதமும் கெட்டுப்போகும். ஜனவரியை மட்டும் விட்டால் போதாது, பன்னிரண்டையும் விடுங்கள். இல்லையென்றால் 1999 முதலான ஊதியத்தை 1.23-ஆல் வகுத்துக்கொண்டு, அப்படிச் செய்ததை அடிக்குறிப்பில் எழுதுங்கள். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே கையெழுத்துப் போடும் நெறியாளர்களால்தான் இந்தப் பாய்ச்சல் 'ஊதிய வளர்ச்சி'யாக ஆய்வேட்டில் ஏறிவிடுகிறது.

அப்புறம் அந்தத் தரகர். பத்து நாளில் ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து மதிப்பிட்டு வெளியிடுவது அரிது. உண்மையான இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துகிறார்கள். அவர் அனுப்பும் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளிலேயே முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிடும் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் இன்னும் சொந்த விதி வைத்துக்கொண்டு மாணவர்களை இவர்களிடம் துரத்துகின்றன. பார்க்கவே கோபம் வருகிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டாயம் என்றால், கணக்கைத் திருத்தியபின், கட்டணம் வாங்காத இதழுக்கு நீங்களே நேரடியாக அனுப்புங்கள். தொடர்பு இல்லை என்று முடிவு வந்தால் அதையே எழுதி அனுப்புங்கள்.