சொந்தக் கதைகளைச் சிறு புத்தகமாகத் தைக்கும்போது மடிப்பில் தாள் கிழிவது ஏன்?

பெரும்பாலும் நூலை இழுக்கும் திசைதான் காரணம். மடிப்புக்குக் குறுக்கே, உங்களை நோக்கி இழுத்தால் துளை பிளந்துவிடும். எப்போதும் மடிப்பின் நீளவாக்கிலேயே இழுங்கள்.

8 ஏ4 தாள்களைப் பாதியாக மடித்தால் 32 பக்கம் கிடைக்கும். இதற்கு மேல் தாள் சேர்க்காதீர்கள், மடிப்பு உப்பிக்கொள்ளும். நடுவில் ஒரு துளை, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. தாள்களை விரித்து வைத்து, உள்பக்கத்திலிருந்து ஊசியாலேயே குத்துங்கள்; தடித்த ஆணி வேண்டாம். நூல் 55 செ.மீ. போதும்.

உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போங்கள். நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளையில் உள்ளே வாருங்கள். உள்ளே ஓடும் நீள இழையின் இரு பக்கமும் நூல்முனைகள் இருக்க வேண்டும். அந்த இழையை அணைத்து முடிச்சிடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் தையல் தளரும்.

அச்சிடும்போது தாளின் ஒரே புறத்தில் சேர்ந்து வரும் இரண்டு பக்க எண்களின் கூட்டல் எப்போதும் 33: முதல் தாளில் 32, 1, அதன் பின்புறம் 2, 31. இருபுற அச்சில் 'குட்டை விளிம்பில் திருப்பு' என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

உள்தாள்கள் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தைத்த பிறகே நறுக்க வேண்டும் என்பதால் வெளி ஓரத்தில் 15 மி.மீ. இடம் விடுங்கள்.