வாசகர் கேள்வி – பதில்: டூசான் நகரின் டூமமாக் குன்று

கேள்வி: மகள் அரிசோனா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். டிசம்பரில் பார்க்கப் போகிறோம். ஊருக்குள்ளேயே ஒரு பாலைவனக் குன்று இருக்கிறதாம், தினமும் ஆட்கள் ஏறுகிறார்களாம். எனக்கு 63 வயது. மனைவிக்கு முழங்கால் வலி. ஏறலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் கேட்பது டூமமாக் குன்றை. (ஊர்ப் பெயரை நாம் டக்சன் என்று எழுதிப் பழகிவிட்டோம். அங்கே சொல்வது டூசான்.) அடிவாரத்திலிருந்து உச்சிவரை தார்ச்சாலைதான். ஒருவழி 1.5 மைல், போய்வர ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றம் சுமார் 700 அடி. உங்கள் ஊர் மலைக்கோட்டை 273 அடி. அதை இரண்டரை தடவை, படி இல்லாமல் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதி மிதமான சரிவு. நடுவழியில் பழைய கல் கட்டடங்கள் வரும். அதற்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து செங்குத்தாகும். மூச்சு வாங்குவது அங்கேதான். நிதானமாக நடப்பவர்களுக்கு ஏற 45 முதல் 60 நிமிடம், இறங்க 30 முதல் 40 நிமிடம் ஆகும்.

முழங்கால் வலி உள்ளவர்களைப் படுத்துவது ஏற்றமல்ல, இறக்கம். தார்ச்சாலை அதிர்வை வாங்கிக்கொள்ளாது. சரிவில் கால் தானாக வேகமெடுக்கும், ஒவ்வொரு அடியும் மூட்டில் இறங்கும். அகலமாக எட்டு வைக்காமல், முழங்காலைச் சற்று மடக்கியபடி சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்கட்டும். ஊன்றுகோல் கொண்டுபோனால் முனையில் ரப்பர் உறை இருக்க வேண்டும். வெறும் உலோக முனை தாரில் வழுக்கும். உங்கள் மனைவி கல் கட்டடங்களோடு திரும்பிவிடுவதே நல்லது. பார்க்க வேண்டிய சரித்திரத்தில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. உச்சியில் கூடுதலாகக் கிடைப்பது ஊரும் சுற்றியுள்ள மலைத்தொடர்களும் தெரியும் காட்சி.

டிசம்பர் விடியலில் 4, 5 டிகிரி செல்சியஸ் குளிர் இருக்கும், மேலே காற்றும் அடிக்கும். ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட, கழற்றி இடுப்பில் கட்டக்கூடிய இரண்டு மெல்லிய உடுப்புகள் மேல். பாதி வழியிலேயே உடம்பு சூடேறிவிடும்.

கேள்வி: எங்களுக்கு விடுமுறை ஜூனில்தான். நாங்கள் சென்னைக்காரர்கள், வெயில் புதிதல்ல. சமாளிக்கலாம்தானே?
— வாசகி, கலிபோர்னியா

பதில்: இந்த நம்பிக்கைதான் ஆபத்து. ஜூனில் டூசானின் சராசரி உச்ச வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும். சென்னையில் சட்டை நனைந்து ஒட்டுவதால் வியர்ப்பது தெரியும், தண்ணீர் குடிப்போம். அங்கே காற்று வறண்டது. வியர்வை வெளிவந்த உடனே ஆவியாகிவிடும். தோல் உலர்ந்தே இருப்பதால், நீர் இழக்கிறோம் என்ற நினைப்பே வராது. தலை வலிக்கும்போதோ குமட்டும்போதோதான் உறைக்கும். அந்த நேரத்தில் உச்சியில் இருந்தால் இன்னும் ஒன்றரை மைல் நடந்தாக வேண்டும்.

சாலை அதிகாலை 4 மணி முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். ஜூனில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். நாலரைக்கு ஏறத் தொடங்கி ஆறரைக்குள் காருக்குத் திரும்புங்கள். மாலை நடை இதற்கு ஈடாகாது. பகல் முழுதும் சூட்டை வாங்கிய தார், சூரியன் மறைந்த பிறகும் வெகுநேரம் கொதிக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது வேண்டும், கூடவே உப்பு. வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் உடம்பின் சோடியம் நீர்த்துப்போய் அதுவும் மயக்கத்தில் விடும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு போதும். விலை உயர்ந்த பானம் தேவையில்லை. பாட்டிலில் பாதி தீர்ந்ததும், எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வந்தால் இன்னொன்று. அங்கும் பருவமழை உண்டு, பெரும்பாலும் பிற்பகலில். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். வெட்டவெளி உச்சியில் நிற்க வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

கேள்வி: சாலையை விட்டு ஓரடி கூட இறங்கக் கூடாது என்கிறார்கள். கல்லும் கள்ளியும்தானே, என்ன கெட்டுவிடும்?
— வாசகர், கோவை

பதில்: அந்தக் கல்தான் விஷயமே. சரிவில் உருண்டு கிடப்பதாகத் தெரியும் எரிமலைக் கற்களில் பல, மனிதர் அடுக்கியவை. சாந்து இல்லாமல் கட்டிய அந்த வரப்புச் சுவர்கள் 2,000 ஆண்டுகளுக்கும் பழையவை. மேலே ஒரு கிராமமே இருந்திருக்கிறது. பாறைகளில் கீறிய உருவங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான டோஹோனோ ஓதாம் மக்களுக்கு இது இன்றும் முன்னோர் பூமி. கொம்புள்ள ஓணான் ஒன்றின் பெயரால் அவர்கள் மொழியில் வழங்கும் குன்று இது. டூமமாக் என்பது அந்தச் சொல்லின் திரிபு.

அடுத்தது செடிகள். 1903-ல் வாஷிங்டன் கார்னெகி நிறுவனம் பாலைவனத் தாவரங்களை ஆராய இங்கே ஓர் ஆய்வகம் கட்டியது. நடுவழியில் பார்க்கும் கல் கட்டடங்கள் அவைதான். 1906-ல் ஸ்பால்டிங் என்ற தாவரவியலாளர் நிலத்தில் அளவுச் சதுரங்கள் குறித்தார். 1907-ல் ஆடுமாடு புகாதபடி சுமார் 860 ஏக்கரைச் சுற்றி வேலி போட்டார்கள். குறித்த இடங்களில் எந்தச் செடி முளைத்தது, எது செத்தது என்ற கணக்கு நூறாண்டைத் தாண்டி நீள்கிறது. சகுவாரோ என்னும் அந்தத் தூண் கள்ளி முதல் பத்து வருடத்தில் ஓரிரு அங்குலமே வளரும். வெயிலுக்கு ஒதுங்கி ஏதாவது மரத்தடியில்தான் முளைக்கும். நீங்கள் நிழலுக்காக ஒதுங்கும் மரத்தடியும் அதுவே. ஒரு செருப்பு மிதியில் பத்து வருடம் போய்விடும்.

கேள்வி: அங்கே சோயா (cholla) என்றொரு கள்ளி பாய்ந்து வந்து குத்துமாமே?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: பாயாது. அதன் கணுக்கள் லேசாக உரசினாலே கழன்று ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். முள்ளின் நுனியில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம். கையால் பிடுங்கப் போனால் அந்தக் கையிலும் ஏறிவிடும். பெரிய பல் உள்ள சீப்பை முள்கட்டிக்கும் தோலுக்கும் நடுவே விட்டு, ஆளில்லாத பக்கமாக ஒரே வெட்டில் சுண்டி எறியுங்கள். மீதி முட்களுக்கு ட்வீசர். சப்பாத்திக் கள்ளியின் பொடிமுள் வேறு ரகம்: தேய்த்தால் இன்னும் இறங்கும். ட்வீசரால் முடிந்தவரை எடுத்துவிட்டு, வெள்ளைப் பசையை மெல்லிய துணியோடு தடவி, காய்ந்ததும் உரியுங்கள்.

கேள்வி: அங்கே புல் பிடுங்கும் தன்னார்வலர்களைப் படத்தில் பார்த்தேன். பாலைவனத்தில் புல் முளைப்பது நல்லதுதானே?
— வாசகர், தாராபுரம்

பதில்: உங்களுக்குத் தெரிந்த புல்தான், நம் மேய்ச்சல் காட்டுக் கொழுக்கட்டைப் புல். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் சேர்ந்த இதை மாட்டுத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாலைவனத்தில் செடிக்குச் செடி வெற்றிடம் இருப்பதால் தீ பரவாது. அங்குள்ள செடிகளும் தீயைத் தாங்கப் பழகவில்லை. இந்தப் புல் இடைவெளியை நிரப்பி, காய்ந்து, திரியாகிவிடுகிறது. எரிந்தபின் சகுவாரோ சாகும், புல் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மேலே அறுத்தால் பயனில்லை. கடப்பாரையால் தூரோடு நெம்ப வேண்டும். களைக்கொல்லி, புல் பச்சையாக இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். வேறு இடத்தில் நடந்த காலணியோடு வந்தால், விதை ஒட்டியிருக்கிறதா என்று காலுறையையும் சேர்த்துத் தட்டிவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: கட்டணம்? நாய்? பாம்பு?
— வாசகி, டெக்சாஸ்

பதில்: கட்டணம் இல்லை, வண்டியை ஆங்க்லம் சாலை ஓரம் நிறுத்தலாம். நாய்க்கு அனுமதி இல்லை. கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. கோடை இரவில் சூட்டுக்காகச் சாலையிலேயே படுத்திருக்கும். டார்ச் வெளிச்சம் காலடியில் விழ நடங்கள். சத்தம் கேட்டால் முதலில் நின்று, அது எங்கே என்று பார்த்த பிறகு பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு 911-ஐ அழையுங்கள்.