விடுமுறைக்கு மெல்லிய புத்தகங்கள்

அன்புள்ள சார்,

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை எனக்கு விடுமுறை. ஒவ்வொரு வருஷமும் நாலைந்து தடித்த நாவல்களை எடுத்து வைப்பேன். ஜனவரி 2ஆம் தேதி பார்த்தால் முதல் நாவலின் நாற்பதாம் பக்கத்தில் அடையாள அட்டை நிற்கும். இந்த முறையாவது முடிக்கிற மாதிரி, பண்டிகைக்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன். நான் கிறிஸ்தவள் அல்ல. பிரசங்கம் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த நாற்பதாம் பக்கம் எனக்கும் பழக்கமான இடம்தான். ஒரு டிசம்பரில் ஆயிரத்துச் சொச்சம் பக்க ருஷ்ய நாவலைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போனேன். பத்து நாளும் அது பிள்ளைகளின் கேரம் போர்டுக்கு முட்டுக் கொடுத்தது. விருந்தாளி, அரட்டை, மத்தியானத் தூக்கம் எல்லாம் போக விடுமுறையில் நமக்கு மிஞ்சுவது துண்டு துண்டான நேரம்தான். அதனால் ஒரே மூச்சில் முடிகிறவற்றையே சொல்கிறேன்.

முதலில் ருஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘வான்கா’. 1886ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்த சிறுகதை, நாலைந்து பக்கம். மாஸ்கோவில் செருப்புத் தைப்பவரிடம் வேலை பழக விடப்பட்ட ஒன்பது வயதுப் பையன், முதலாளி வீட்டார் கோயிலுக்குப் போன இரவில், துருப்பிடித்த பேனா முனையால் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். அடி தாங்க முடியவில்லை, வந்து கூட்டிப்போ என்று. நடுநடுவே ஊர் நினைப்பு வந்துவிடுகிறது. தாத்தா நாய்களுக்கு மூக்குப்பொடி காட்டுவார். கஷ்டாங்கா என்ற நாய் தும்மிவிட்டு மனத்தாங்கலோடு ஒதுங்கிப் போகும். வியூன் மரியாதைக்காகத் தும்மலை அடக்கிக்கொண்டு வாலை ஆட்டும். கடைசியில் உறை மேல் ‘கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு’ என்று எழுதுகிறான். தலையைச் சொறிந்து யோசித்துவிட்டுத் தாத்தாவின் பெயரையும் சேர்க்கிறான். ஊர்ப்பெயர் கிடையாது. போய்ச் சேராத விலாசத்துக்கு இன்றைக்கும் ருஷ்யர்கள் அந்த வரியைத்தான் சொல்கிறார்கள். அழு என்று செகாவ் நம்மிடம் ஒரு இடத்திலும் கேட்பதில்லை.

அடுத்தது டால்ஸ்டாயின் ‘எஜமானனும் வேலையாளும்’, 1895இல் வந்த குறுநாவல். இது சரியாகக் கிறிஸ்துமஸ் கதை அல்ல. டிசம்பரில் வரும் புனித நிக்கோலஸ் திருநாளுக்கு மறுநாள், ஒரு தோப்பை மலிவாக வாங்கிவிடும் அவசரத்தில் ஒரு வியாபாரி வேலையாளோடு பனிப்புயலில் கிளம்புகிறான். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி தேவாலயத்துடையது! வழி தப்பித் தப்பி ஒரே கிராமத்துக்கு வந்து சேர்கிறார்கள். அந்த ஊர்க் கோடியில் கொடியில் உறைந்துபோன துணிகள் தொங்குகின்றன. முதல் தடவை பார்க்கும்போது வெள்ளைச் சட்டை கைகளை வீசித் துடிக்கிறது. பிறகு பார்க்கும்போது ஒரே கையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. புயல் எவ்வளவு வலுத்துவிட்டது என்பதை அந்தச் சட்டையை வைத்தே டால்ஸ்டாய் காட்டிவிடுகிறார். முடிவை நான் சொல்ல மாட்டேன். பிரசங்கம் வேண்டாம் என்றீர்களே, பிற்காலத்து டால்ஸ்டாய் பிரசங்கத்துக்குப் பேர்போனவர். இதிலும் அந்த வாடை உண்டு. ஆனால் குளிர் அதைவிடப் பலமாக அடிக்கிறது.

டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ எல்லாருக்கும் தெரியும், ஆனால் சினிமாவாகவோ பள்ளிச் சுருக்கமாகவோதான். ஆறு வாரத்தில் எழுதி, 1843 டிசம்பர் 19இல் வெளியிட்டு, கிறிஸ்துமஸுக்குள் ஆறாயிரம் பிரதிகளும் தீர்ந்த புத்தகம். மூலத்தில் இருக்கும் குறும்பு சுருக்கத்தில் வராது, அதற்காகவாவது முழுசாகப் படியுங்கள்.

ஓ. ஹென்றியின் பரிசுக் கதையை, அதாவது ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்’ சிறுகதையை, எதிர்பார்த்திருப்பீர்கள். கெட்டிக்காரக் கதைதான். முடிச்சு தெரிந்த பிறகு எனக்கு அதில் திரும்பப் போக ஒன்றும் இல்லை.

பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம் என்றால் ஐரிஷ் எழுத்தாளர் கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ வாங்குங்கள். 2021இல் வந்தது, நூற்றுச் சொச்சம் பக்கம். 1985, அயர்லாந்தில் ஒரு சிற்றூர். ஐந்து பெண்களைப் பெற்ற நிலக்கரி வியாபாரி ஃபர்லாங், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு கன்னியர் மடத்துக்குச் சரக்கு இறக்கப் போகிறார். கரிக் கொட்டகையில் ஒரு பெண் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள். கல்யாணமாகாமல் கர்ப்பமானவர்கள் உட்படப் பல பெண்களை அடைத்துவைத்து வேலை வாங்கிய மக்தலேன் சலவைக்கூடங்கள் அங்கே நிஜமாகவே இருந்தன. கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல், அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். நாவலில் ஊருக்கே அரசல் புரசலாக விஷயம் தெரியும். மகள்களின் படிப்பும் மடத்தின் கையில் இருப்பதால் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஃபர்லாங்கின் அம்மாவும் கல்யாணமாகாமல் அவரைப் பெற்றவள்தான். வேலை பார்த்த வீட்டு அம்மாள் துரத்திவிடாததால் தப்பியவள். இதைக் கீகன் அழுத்தாமல் போகிறபோக்கில் சொல்வதால்தான் நமக்கு உறைக்கிறது.

டால்ஸ்டாயும் செகாவும் டிக்கன்ஸும் ஆங்கிலத்தில் கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறார்கள். ‘வான்கா’வை இன்று ராத்திரியே படித்துவிடலாம். கீகனை 31ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் யாரிடமாவது பேசியாக வேண்டும் போல இருக்கும், அன்றைக்கு எல்லாரும் விழித்துத்தான் இருப்பார்கள்.