சிறிய பல்கலைக்கழகத்தில் தடகள அணியில் சேர்ந்தால் படிப்பு கெட்டுவிடுமா?

கெடாது. அப்படியொரு இடத்தில் வேதியியல் படித்துக்கொண்டே 800 மீட்டர் ஓடியவன் நான். ஆனால் தினமும் இரண்டுக்கும் சரிபாதி நேரம் ஒதுக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும்.

சிறிய இடத்தில் அணியும் சிறியது, மாற்று ஆள் கிடையாது. 800 மீட்டருக்கென்று சேர்ந்த என்னை 1500 மீட்டரிலும் இறக்கினார்கள். தொடர் ஓட்டத்தில் யாருக்காவது கால் பிசகினால் அதற்கும் நான்தான். படிப்பிலும் இதே நெருக்கடி. பெரிய இடங்களில் ஒரு பாடத்துக்குப் பல பிரிவுகள் நடக்கும், நேரம் இடித்தால் மாறிக்கொள்ளலாம். இங்கே ஒரே வகுப்பு, ஒரே லேப் நேரம். முதல் வருடம் ஒரு போட்டியும் லேப் தேர்வும் ஒரே நாளில் வந்தன. நான் வாயே திறக்காமல் இருந்துவிட்டு முந்தின நாள் மாலை போய்ச் சொன்னேன். மறுதேர்வு கிடைக்கவில்லை. போன மதிப்பெண் போனதுதான்.

அடுத்த செமஸ்டரில் முதல் வாரமே போட்டி அட்டவணையை ஒவ்வொரு ஆசிரியரிடமும் நேரில் கொடுத்தேன். சிறிய இடத்தின் பலம் இங்கேதான் தெரியும். வகுப்பில் இருபது பேர் என்றால் ஆசிரியருக்கு உங்கள் முகமும் தெரியும், நீங்கள் உழைப்பவரா என்பதும் தெரியும். போட்டி முடிந்த பிறகு தருகிறேன் என்று அவகாசம் கேட்காதீர்கள், முன்னாடியே முடித்துத் தருகிறேன் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது யாரும் மறுத்ததில்லை. போட்டிகள் குவியும் செமஸ்டரில் லேப் உள்ள பாடம் ஒன்றுக்கு மேல் எடுப்பதையும் நிறுத்தினேன்.

பயிற்சி நேரம் குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் அதை முடித்த முதல் ஆளான ரோஜர் பானிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். அன்று காலையிலும் மருத்துவமனைக்குப் போய்விட்டுத்தான் வந்தார். மதிய இடைவேளையில் கால் மைலைப் பத்து முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வோடு ஓடுவது அவருடைய முக்கியப் பயிற்சிகளில் ஒன்று. நடுத்தூர ஓட்டத்துக்கு மணிக்கணக்கில் மைதானத்தில் கிடக்க வேண்டியதில்லை.

எதை வேண்டுமானாலும் குறையுங்கள், தூக்கத்தை மட்டும் குறைக்காதீர்கள். 2011இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்றில் 11 கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்களுக்கு இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய விரைவோட்ட நேரம் 16.2 வினாடியிலிருந்து 15.5க்கு இறங்கியது. எனக்கும் விழித்துப் படித்த இரவுகளுக்கு மறுநாள் கால் கனத்தது, படித்ததும் மண்டையில் நிற்கவில்லை.

அப்புறம், பயணத்தில் படித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். போகும்போது பதற்றம், வரும்போது களைப்பு. புத்தகம் பையிலேயே இருக்கும்.

சேருவதற்கு முன் அணியில் இப்போது ஓடும் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் பயிற்சியாளர் என்ன சொல்வார் என்று கேளுங்கள். தேர்வு எழுதப் போகச் சொல்வார் என்று உடனே பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள்.